மண்டபத்துச் சாவி யார் பையில் இருக்கிறது?

(தாமான் குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

அடுக்குமாடி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து மாடி மலிவு விலை வீட்டில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இருக்கிற இடத்திலும் பெட்டி அதற்குள் நுழையாது. படிக்கட்டின் ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை நிமிர்த்தி, திருப்பி, பெற்ற தாயை அந்த நிலையில் பிள்ளைகள் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே வந்தால் கார் நிறுத்தும் இடத்தில்தான் பந்தல். அதற்கும் கார்க்காரர்களிடம் கெஞ்ச வேண்டும். மழை பெய்தால் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் ஓடும். கூப்பிடு தூரத்தில் பொது மண்டபம் ஒன்று பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று நாலு பேரைக் கேட்டு, அவரைக் கைப்பேசியில் பிடித்தால், "சாவு காரியத்துக்கு மண்டபம் கொடுப்பதில்லை" என்பார். ஏன் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தெம்பு இருக்கும்?

நம் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மண்டபத்தை அங்கே கட்டச் சொன்னது ஒரு வரைபடம். அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தது ஊராட்சி மன்றம். அதைப் பராமரிக்கிற பணம் நம்முடைய வரிப்பணம். சாவியை மட்டும் ஏன் ஒரு தனி மனிதர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்? இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். "தோட்டத்தில் எல்லாம் இருந்தது" என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறோம். கோயில், பந்து விளையாடத் திடல், ஆயாக்கொட்டகை, டிரசர் இருந்த மருந்தகம், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு. நான் தோட்ட வாழ்க்கையைப் புகழ வரவில்லை. ஒழுகிய லயத்தையும் விடிவதற்கு முன் பெரட்டுக்கு ஓடியதையும் நம் அம்மாமார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த வசதிகள் துரையின் நல்ல மனசால் வந்தவை என்று நினைப்பது தவறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஓர் இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று சொன்னது. 1990ஆம் ஆண்டில் வந்த 446ஆவது சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்கு வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. ஒழுங்காகச் செய்தார்களா என்பது வேறு கதை. சட்டம் இருந்தது.

தோட்டம் கை மாறியதும் அந்தக் கடமை காற்றில் போயிற்று. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.யும் ஆனது. சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில் ஷா ஆலாம் எழுந்தது. பெராங் பெசாரும் அக்கம்பக்கத் தோட்டங்களும் புத்ராஜெயா ஆயின. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போய், சுவர் வெடிப்போடும் தரைவீட்டுக் கோரிக்கையோடும் பல வருடம் போராடினார்கள். வீடு கிடைக்காதவர்கள் புறம்போக்கில் பலகை வீடு போட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஒரு வட்டாரம்தான் கம்போங் மேடான். 2001 மார்ச்சில் அங்கே ஆறு உயிர்கள் போயின, பெரும்பாலோர் நம்மவர். வறுமை, நெருக்கடி, வசதிக் குறைவு என்று அதற்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள். அதற்கு முன் யாரும் பேசவில்லை.

தாமானுக்கு வந்த நாள் முதல் நம் நிலை வேறு. தோட்டத்தில் நாம் கூலிக்காரர்கள். இங்கே வரி கட்டுகிறவர்கள். வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு கடைசிக்குள் ஒன்று என்று சுக்காய் பிந்து கட்டுகிறோம். "நான் வாடகைக்கு இருக்கிறேன், எனக்கென்ன" என்று ஒரு தம்பி கேட்கலாம். வீட்டுக்காரர் அந்த வரியைச் சேர்த்துத்தான் உங்களிடம் வாடகை வாங்குகிறார், தம்பி. குப்பை அள்ளுவது, சாக்கடை, தெருவிளக்கு, திடலில் புல் வெட்டுவது, மண்டபம், சந்தை, உணவங்காடி எல்லாம் அந்தப் பணத்தில் நடக்க வேண்டியவை. ஆனால் தெருவிளக்கு எரிந்தால் யாருக்கு நன்றி சொல்கிறோம்? வேலியில் கட்டியிருக்கும் பதாகையில் கைகூப்பிச் சிரிக்கிற ஒய்.பி.க்கு! (பல இடங்களில் பல்பை விடப் பதாகைதான் பெரிதாக இருக்கிறது.)

இந்தக் கேவலம் எப்படி வந்தது? ஒரு காலத்தில் நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. 1965ஆம் ஆண்டு, இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களைப் பற்றி ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். விசாரித்து முடித்து அவருடைய ஆணையம் சொன்னது என்ன? ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆவது சட்டம், தேர்தலுக்கு முழுதாக மூடுவிழா நடத்தியது. அன்றிலிருந்து கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. எட்டுப் பேருக்குக் குறையாமல், இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமல். கட்சிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2008ஆம் ஆண்டு சில மாநிலங்களில் ஆட்சி மாறியது; பங்கு போடும் கட்சிகளின் பெயர்தான் மாறியது. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர்ச் சாலையில் நின்ற நம் மக்கள் அதற்காகவா கண்ணீர்ப் புகையில் நின்றார்கள்?

ஓட்டு இல்லை என்பதால் கையில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. அதே 171ஆவது சட்டத்தின் 10ஆவது பிரிவு, கவுன்சிலர் என்பவர் அந்த வட்டார மக்களின் நலனைப் பிரதிநிதிக்கத் தக்கவராக இருக்க வேண்டும் என்கிறது. 23ஆவது பிரிவு, மன்றம் வேறாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. உங்களில் எத்தனை பேர் நகராண்மைக் கழகத்தின் மாதக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை. எங்கள் குழு போகத் தொடங்கிய பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. பின்வரிசையில் பத்து முகங்கள் உட்கார்ந்திருந்தால், முன்வரிசையில் பேசுகிறவர்களின் பேச்சு மாறுகிறது.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் நாம் அதிகம் இழந்தது இங்கேதான்.

ஒரு தாமான் கட்டும்போது மேம்பாட்டாளர் நிலம் முழுவதிலும் வீடு கட்டிவிட முடியாது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. அதற்கு மேல் மண்டபம், பாலர் பள்ளி, வழிபாட்டு இடம் என்று வரைபடத்தில் தனித்தனியாக ஒதுக்குவார்கள். வீடு வாங்கியபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட விற்பனை ஒப்பந்தம் இருக்கிறதல்லவா, அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருப்பீர்களே, அதன் பின்பக்கத்தைப் புரட்டுங்கள். வரைபடம் இணைத்திருக்கும். பச்சை நிறத்தில் காட்டிய இடம் திடல். அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

அந்த ஒதுக்கீட்டு நிலம் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்கீழ் அரசிதழில் பதிவாக வேண்டும். பதிவாகிவிட்டால் அதை வேறு காரியத்துக்கு மாற்ற முன்னறிவிப்பும் விசாரணையும் தேவை. பதிவாகாமல் கிடந்தால்? ஒரு நாள் காலையில் தகர வேலி வரும். அதற்கு அடுத்த வாரம் லாரி வரும். நாம் கூட்டம் போடும்போது தூண் எழும்பியிருக்கும். கோயில் விஷயத்திலும் இதுவே கதை. தோட்டத்தில் நூறு வருடம் இருந்த கோயில் நிலம் யாருடைய பெயரில் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. தோட்டம் விற்றபோது அம்மனும் 'அத்துமீறிக் குடியேறியவள்' ஆகிவிட்டாள். 2007 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பாடாங் ஜாவா கம்போங் ரிம்பா ஜெயாவில் கோயில் இடிபட்டதை நாடே பார்த்தது.

காகிதம் எவ்வளவு வலிமையானது என்பதற்குக் கோலாலம்பூரில் ஒரு வழக்கு இருக்கிறது. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கிருந்த சுமார் நூறு குடும்பங்களைத் தற்காலிகம் என்று சொல்லி 1980களின் தொடக்கத்தில் நீள்வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்திலேயே தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப் பூங்கா. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடு வரவில்லை. 2017இல் ஒரு திட்டம் வந்தது. பூங்கா நிலத்தில் எட்டு வானுயர ஆடம்பரக் குடியிருப்புக் கோபுரங்கள். அவற்றோடு நீள்வீட்டு மக்களுக்கும் சேர்த்து மலிவு வீட்டுக் கட்டடம் ஒன்று. ஏழைகளுக்கு வீடு கட்டத்தான் பூங்காவை எடுக்கிறோம் என்றார்கள். எட்டுக் கோபுரம் யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் திட்ட அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநகரின் அமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பூங்கா என்று இருந்தது. அதிலிருந்து விலகுவதானால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ஆனால் நம் மனசில் ஒரு முள்ளும் குத்த வேண்டும். வசதியானவர்களுக்கு வழக்கறிஞர் இருந்தார், வரைபடம் இருந்தது, ஆறு வருடம் காத்திருக்கத் தெம்பு இருந்தது. தோட்ட மக்களின் வீட்டுத் தேவையைப் பூங்காவுக்கு எதிராக நிறுத்தினார்கள். பூங்காவும் வேண்டும், அந்த மக்களுக்கு வீடும் வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நாம் இருந்திருக்க வேண்டும். இரண்டு ஏழைத் தேவைகளை மோதவிட்டு நடுவில் நிலத்தை எடுப்பது பழைய வித்தை. "உங்கள் கோயிலுக்கு இடம் தருகிறோம், திடலை விட்டுக்கொடுங்கள்" என்று நம்மிடமும் வருவார்கள். கோயிலும் நம்முடையது, திடலில் விளையாடும் பிள்ளையும் நம்முடையது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

வட்டாரத் திட்டம் என்று ஒன்றை ஊராட்சி மன்றம் தயாரிக்கும்போது, 172ஆவது சட்டத்தின்படி அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் எழுத நான்கு வாரத்துக்குக் குறையாத கெடு தர வேண்டும். அறிவிப்பு பத்திரிகையில் மூலையில் வரும். அந்தச் சில வாரங்களில் நாம் தூங்கிவிட்டால், பிறகு பத்து வருடம் புலம்ப வேண்டியதுதான்.

மண்டபத்துக்குத் திரும்புவோம். மண்டபங்களில் பல வகை உண்டு. சில நகராண்மைக் கழகத்தின் நேரடிப் பொறுப்பில் இருக்கும். கட்டணம், முன்பணம், விண்ணப்பப் பாரம் என்று முறை இருக்கும். பாலாய் ராயா மாதிரியான சில இடங்கள் கிராமக் குழு, குடியிருப்பாளர் குழு என்று வேறு கைகளில் இருக்கும். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். குழுத் தலைவர் ஒரு கட்சிக்காரர். அவருடைய கட்சிக் கூட்டத்துக்கு மண்டபம் திறக்கும். நம் பிள்ளைகளின் டியூஷனுக்குத் திறக்காது. உறுமி மேளம் அடிப்பார்கள், சத்தம் போடுவார்கள், அழுக்காக்குவார்கள் என்று வாய்வழியாகக் காரணம் வரும். நம் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. பிறந்தநாள் விருந்து முடிந்து காலிப் போத்தல்களை அப்படியே விட்டுப்போன குடும்பங்களை நானே கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன். அதற்குத்தான் முன்பணம் வாங்குகிறார்கள், அதிலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். ஒரு குடும்பம் செய்ததற்கு ஓர் இனத்துக்கே கதவைச் சாத்த முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றுதான் சொல்கிறது.

ஆகவே மறுப்பு வந்தால் சண்டை போடாதீர்கள். "விதியை எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சாவு காரியம் கூடாது என்று விதி இருக்கிறதா? இருந்தால் எல்லா இனத்துக்கும் பொருந்துகிறதா? அப்படியானால் இறுதிச் சடங்குக்கு ஊராட்சி மன்றம் காட்டும் மாற்று இடம் எது? தகன மேடையும் மின்சுடலையும் எத்தனை கல் தொலைவில் இருக்கிறது? சாமான்ய மனிதன் நிம்மதியாகச் சாகக்கூட இடம் கேட்க வேண்டிய ஊர் இது. கேட்போம்.

லிஃப்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பி.பி.ஆர். வாடகை வீடுகளில் மாதம் 124 வெள்ளி கட்டுகிறவர்கள் உண்டு; அங்கே வீட்டின் உரிமையாளர் அரசாங்கம், லிஃப்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அரசாங்கம். விலைக்கு வாங்கிய அடுக்குமாடி வேறு. அங்கே 2015 முதல் நடப்பில் இருக்கும் 757ஆவது சட்டப்படி, வீட்டுக்காரர்களே கூட்டு நிர்வாகக் குழு அமைத்து, பராமரிப்புக் கட்டணமும் அதற்கு மேல் பத்து விழுக்காடு சேமநிதியும் கட்டி நடத்த வேண்டும். பணம் கட்டாதவருக்கு ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது. நம்மவர்களில் பலர், "லிஃப்ட் ஓடவில்லை, ஏன் கட்ட வேண்டும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் அதனால் ஓட்டையும் இழந்து, கணக்கைக் கேட்கிற வாயையும் இழந்துவிடுகிறோம். கட்டிவிட்டுக் கேளுங்கள். கணக்குக் காட்டாத குழுவை 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் ஸ்திராத்தா தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். நான்காம் மாடியில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார். வாரம் மூன்று முறை அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குகிற மகனுக்கு இது வெறும் சட்ட விஷயம் இல்லை.

பாலர் பள்ளி, கிளினிக் இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்; சிவப்பு அடையாள அட்டைக்காரருக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும் அந்த ஒரு வெள்ளி இல்லை. அப்படி யாராவது உங்கள் மாடியில் இருந்தால் முதலில் பத்திர வேலையைத் தொடங்குங்கள், எங்களிடம் அழைத்து வாருங்கள். தபிக்கா பெர்பாடுவான் போன்ற அரசாங்கப் பாலர் பள்ளிகளில் பதிவு நாள் போய்விட்ட பிறகுதான் நம் குடும்பங்கள் விசாரிக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளிலும் பாலர் வகுப்பு உண்டு. அங்கேயும் இடம் குறைவு, முந்துகிறவருக்கே.

மக்களைக் கேட்டுச் செய்தால் முடியும் என்பதற்குப் பினாங்கு ஜாலான் சுங்கை பி.பி.ஆர். குடியிருப்பு ஓர் உதாரணம். 2012இல் தொடங்கிய ஒரு முயற்சியில், ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் என்று குடியிருப்பாளர்களையே கேட்டு, எது முதலில் வேண்டும் என்று ஓட்டுப் போடச் சொன்னார்கள். பட்ஜெட்டில் எதற்குப் பணம் என்று பேச, பட்டம் படித்திருக்கத் தேவையில்லை. எந்தப் படிக்கட்டில் விளக்கு இல்லை என்று இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணைக் காட்டிலும் எந்த அதிகாரிக்குத் தெரியும்?

சரி, வேலைக்கு வருவோம். இன்னும் இரண்டு வாரத்தில் மீண்டும் கூடுகிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு காகிதம் கொண்டு வாருங்கள்: கடைசியாகக் கட்டிய சுக்காய் பிந்து ரசீது, விற்பனை ஒப்பந்தத்தின் வரைபடம். வாடகைக்காரர் என்றால் முகவரி போட்ட மின்சார பில் போதும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் தாமானை ஒரு சுற்று நடப்போம். படிவம் 6 படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் வரட்டும், கைப்பேசியில் படம் எடுக்க. அதற்குப் பிறகு மூன்று கேள்வி கொண்ட ஒரு கடிதம், மலாயில், ஒரே பக்கம். திடல் நிலம் அரசிதழில் பதிவாகிவிட்டதா, எந்த எண்? மண்டபம் யார் பொறுப்பில் இருக்கிறது, வாடகை விதி எங்கே? இந்த வட்டாரக் கவுன்சிலர் யார், அவரை எந்த நாளில் பார்க்கலாம்? கவுண்டரில் கொடுத்து நகலில் சாப் குத்தி வாங்காமல் திரும்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்பது பிறகு செல்லாது. கடிதத்தில் பெண்கள் பெயர் முதலில் இருக்கட்டும். பகலில் வீட்டில் இருந்து இந்தச் சாக்கடை நாற்றத்தை முகர்கிறவர்கள் அவர்கள்தான். கடிதம் எழுத யார் வருகிறீர்கள்? பெயரை அந்த மேசையில் இருக்கும் தங்கையிடம் கொடுங்கள்.